மூப்பும் பெருமிதமும்: ஹிரோயா ஓகுவின் 'இனுயாஷிகி' சித்திரக்கதையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் ஹிரோயா ஓகு படைத்த 'இனுயாஷிகி', மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் முதியவர் ஒருவர் விபத்தொன்றால் மீயாற்றல் பெறும் கதையாகும். மீயாற்றல் கதைகள் பொதுவாக மருட்கையையும் பெருமிதத்தையும் நாடுபவை. இப்படைப்போ இளிவரலில் தொடங்குகிறது. நாயகரின் ஆற்றல் பெருகிய பின்னும் அதனைக் கைவிடுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் பகுப்பைக் கருவியாகக் கொண்டும், ஜப்பானிய நாட்டார் கதைமரபைப் பின்னணியாகக் கொண்டும் இப்படைப்பு இங்கு ஆராயப்படுகிறது. முதியவர் புறக்கணிக்கப்படுவதைக் கண்டித்துத் தொடங்கும் படைப்பு, பயன்படும் முதியவருக்கே மதிப்புண்டு என்னும் எண்ணத்திற்குத் தானே இரையாகிவிடுகிறதா என்பது கட்டுரையின் வினாவாகும்.

திறவுச்சொற்கள்: மங்கா, சித்திரக்கதை, முதுமை, மெய்ப்பாடு, இளிவரல், பெருமிதம், நாட்டார் கதை.

படைப்பும் வகைமையும்

'கான்ட்ஸ்' என்னும் நெடுந்தொடரை 2013இல் நிறைவுசெய்த ஹிரோயா ஓகு, அடுத்த ஆண்டே 'இனுயாஷிகி'யைத் தொடங்கினார். கோடன்ஷா நிறுவனத்தின் 'ஈவினிங்' இதழில் 2014 முதல் 2017 வரை தொடராக வந்த இது 10 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. 2017இல் 11 பகுதிகள் கொண்ட அனிமே தொடராகவும், 2018இல் ஷின்சுகே சாட்டோவின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

கதை எளியது. 58 வயதான இச்சிரோ இனுயாஷிகி அலுவலகப் பணியாளர். அவருக்கு மனைவி, மகள், மகன் என்று குடும்பம் உண்டு. ஆனால் வீட்டில் அவரைப் பொருட்படுத்துவார் எவருமில்லை. வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டதென்றும் சில மாதங்களே எஞ்சியுள்ளன என்றும் மருத்துவர் சொல்லிவிட, அதை வீட்டாரிடம் கூற இயலாமல் ஒரு பூங்காவில் தம் நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அவ்வேளையில் வேற்றுலகத்தாரின் ஊர்தி ஒன்று அங்கு மோதி, அவரும் அருகில் நின்ற பள்ளி மாணவன் ஒருவனும் இறக்கின்றனர். தம் பிழையை மறைக்க விரைந்த வேற்றுலகத்தார், கையிலிருந்த இயந்திர உடல்களில் இருவர் நினைவையும் பொருத்தி விட்டுச் செல்கின்றனர். அவ்வுடல்கள் போருக்கென ஆக்கப்பட்டவை. முதியவர் அந்த உடலைக் கொண்டு நோயாளிகளைக் குணப்படுத்துகிறார். ஹிரோ ஷிஷிகாமி என்னும் அம்மாணவன் அதே உடலைக் கொண்டு கொலை செய்கிறான்.

ஆற்றல் திடீரென வந்து சேர்வது இவ்வகைமைக்குப் புதிதன்று. முத்து காமிக்ஸ் வழியாக இரும்புக்கை மாயாவியை அறிந்த தமிழ் வாசகருக்கும் விபத்தால் வரும் ஆற்றல் பழகிய செய்தியே. புதிது, அது யாருக்கு வாய்க்கிறது என்பதே. மீயாற்றல் கதைகளில் முதியவர் இல்லாமல் இல்லை. அவர் ஆசானாக வருவார். இளநாயகனின் மனச்சான்றாக வருவார். பல வேளைகளில் தம் இறப்பால் அவனைக் கடமைக்குத் தூண்டிவிட்டு மறைவார். ஆற்றல் அவரைத் தாண்டி இளையவனிடம் செல்லும். ஓசாமு டெசூக்கா 1952இல் தொடங்கிய 'டெட்சுவான் ஆட்டம்' ஜப்பானிய இயந்திர நாயகர் மரபின் ஊற்றுக்கண். அதன் நாயகனோ ஒரு குழந்தை. விபத்தில் இறந்த மகனுக்கு மாற்றாக அறிவியலாளர் ஒருவர் செய்த இயந்திரச் சிறுவன். அங்கு இழந்த பிள்ளையின் இடத்தை இயந்திரம் நிரப்புகிறது. ஓகுவின் கதையில் இயந்திரம் வந்து அமர்வது, எவரும் இழந்ததாகவே உணராத ஒருவரின் இடத்தில்.

இளிவரலின் நான்கு களங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரல் பிறக்கும் களங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கினைக் கூறும். ஓகுவின் முதல் அத்தியாயத்தை இந்நான்கிற்கும் வரைந்த விளக்கம் என்றே கொள்ளலாம். இனுயாஷிகிக்கு வயது 58. தோற்றமோ எழுபதைக் கடந்தவருடையது. புதிதாக வாங்கிய வீட்டைக் குடும்பத்தார்க்குக் காட்டுகையில் அவர் எதிர்பார்த்த மகிழ்ச்சியை எவர் முகத்திலும் காண முடிவதில்லை. அடுத்த மனையில் நிற்கும் பெருமாளிகையின் நிழலில் அவ்வீடு சிறுத்துக் கிடக்கிறது. தெருவில் தீங்கு கண்டு தட்டிக்கேட்க நினைப்பார், நா எழாது. இவற்றுக்கு மேல் பிணி.

இங்கு ஒன்று சுட்டத்தக்கது. மெய்ப்பாட்டைத் தன்கண் தோன்றுவது, பிறன்கண் தோன்றுவது என உரையாசிரியர்கள் பிரித்துக் காண்பர். சினமோ அழுகையோ ஒருவரிடம் தனித்துத் தோன்றலாம். ஆனால் இனுயாஷிகியின் இளிவரல் பெரிதும் பிறர் கண்ணில் பிறந்து அவரிடம் வந்து தங்குவது. ஓகுவின் கட்டங்கள் இதைச் சொல்லின்றிச் செய்கின்றன. தந்தையைக் கடந்துசெல்லும் மகளின் பார்வை அவர்மேல் நிற்பதில்லை. அவரைப் பார்க்காமையே அவரைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது.

இது தனியொரு குடும்பத்தின் கொடுமை அன்று. பணி ஓய்வு பெற்று வீட்டில் தங்கும் கணவரைக் குறிக்க ஜப்பானிய மொழியில் புழங்கும் கேலிச் சொற்கள் இரண்டினை இங்கு நினைவுகூரலாம். ஒன்று 'சொடாய் கொமி'. பழைய அலமாரி, மெத்தை போன்று எளிதில் வெளியே எறிய முடியாத பெருங்குப்பைக்குரிய பெயர். மற்றொன்று 'நுரே ஓச்சிபா'. ஈரமான சருகு, எவ்வளவு பெருக்கினாலும் தரையை விட்டு நீங்காதது. இத்தொடர் வெளிவரத் தொடங்கிய காலத்தில் ஜப்பானிய மக்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் 65 வயதைக் கடந்தவர்கள். இனுயாஷிகி அந்த வயதை இன்னும் எட்டவில்லை, சம்பளம் கொண்டுவருபவர்தாம். ஓய்வு பெறும் முன்பே சருகாகிவிட்டவர் அவர். நாயகருக்கு 58 என்று வயது குறித்து எழுபதின் முகத்தை வரைந்த ஓகுவின் முடிவு, முதுமையை ஆண்டுக்கணக்கிலிருந்து பிரித்து, மதிப்பிழப்பின் கணக்கில் வைக்கிறது. இப்படைப்பின் நுட்பமான தெரிவு இதுவே.

மாறாத முகம்

இவருக்கு ஆற்றல் வந்தபின் என்ன மாறுகிறது? வலி போகிறது. உணவை உடல் ஏற்பதில்லை. முதுகு பிளந்து விசையுமிழ் குழல்கள் வெளிப்படுகின்றன. கையிலிருந்து ஆயுதங்கள் எழுகின்றன. முகம் மட்டும் மாறவில்லை.

கணினி வரைகலையைத் தம் கலையில் நெடுங்காலமாகக் கையாண்டு வருபவர் ஓகு. நகரக் கட்டடங்களும் இயந்திர உறுப்புகளும் அவரிடம் அளவு பிசகாத கூர்மையுடன் நிற்கும். அந்தக் கூர்மைக்கு நடுவே சுருக்கம் விழுந்த கன்னமும் நடுங்கும் வாயும் நீர் வழியும் கண்ணும் கையால் வரையப்பட்டுத் தெரிகின்றன. இரு வகைக் கோடுகள் ஒரே உடலில் இணைந்துகொள்ள மறுக்கின்றன. வானில் பறக்கும் காட்சிகளில்கூட அவரிடம் வீரனின் நிமிர்வு இல்லை. தவறிப் பேருந்திலிருந்து விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவரின் உடலசைவே இருக்கிறது. நகையும் வியப்பும் ஒருங்கே எழும் இடங்கள் இவை.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடலில் கோலூன்றி நிற்கும் முதியவர், மரக்கிளையேறி நீர்த்துறையில் பாய்ந்த தம் இளமையை எண்ணி இரங்குவார். முதியவரின் ஆற்றலை இலக்கியம் வழக்கமாக வைக்கும் இடம் நினைவே. ஓகு அவ்வழியில் செல்லவில்லை. இனுயாஷிகி இழந்த இளமையை மீளப் பெறவில்லை. இளமையில் ஒருநாளும் இல்லாத ஒன்றை மூப்பில் பெறுகிறார். அதனாலேயே அவரிடம் ஏக்கத்தின் சுவை இல்லை, திகைப்பே மிகுதி.

திகைப்பிலிருந்து முதலில் அவர் வெளியேறும் காட்சி படைப்பின் உச்சங்களுள் ஒன்று. தெருவோரத்தில் வாழும் வீடற்ற ஒருவரை இளைஞர் கூட்டம் ஒன்று விளையாட்டாகத் தாக்குகிறது. இனுயாஷிகி இடையில் நுழைகிறார். அப்போது அவருக்குத் தம் ஆற்றலின் அளவும் தெரியாது, அது காக்கும் என்ற உறுதியும் கிடையாது. அடிபடுகிறார். உடலிலுள்ள இயந்திரம் தானே விழித்துக்கொண்டு தாக்கியவர்களை அடக்கி, அவர்களின் செயலை ஊரறியச் செய்கிறது. காப்பாற்றப்பட்டவர் உயிருடன் இருப்பதைக் கண்டு முதியவர் அழுகிறார். தாம் இயந்திரமாகிவிட்டோம், இனித் தாம் தாமே அல்லர் என்று அஞ்சிக்கொண்டிருந்தவர், தாம் இன்னும் மனிதர் என்பதற்குச் சான்றாகத் தம் கண்ணீரைக் கண்டுகொள்கிறார்.

பெருமிதத்தின் களங்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கினைத் தொல்காப்பியம் சொல்லும். மீயாற்றல் கதைகளின் பெருமிதம் ஏறத்தாழ எப்போதும் தறுகணிலிருந்தும் இசைமையிலிருந்தும் எழுவது. எதிரியை வெல்வதும் ஊர் வாழ்த்துவதுமே அங்கு உண்டு. இனுயாஷிகிக்கு இசைமை இல்லை. மருத்துவமனைகளில் பிறரறியாமல் நுழைந்து, நோயாளியின்மீது கைவைத்துக் குணப்படுத்திவிட்டு வெளியேறுகிறார். அவருடைய பெருமிதம் கொடையில் பிறப்பது. புற்றுநோயால் சாக இருந்தவர் பிறரின் புற்றுநோயைத் தீர்க்கிறார் என்பதில் கொடையின் தன்மையும் தெளிவாகிறது. தமக்கு எவரும் தராத ஒன்றை அவர் தருகிறார்.

சமேஜிமா என்னும் வன்முறைக் கும்பல் தலைவனை எதிர்கொள்ளும் பகுதியில் இந்த அமைதி குலைகிறது. அவனையும் அவன் கூட்டத்தாரையும் கொல்லாமல், இனி எவரையும் தாக்க இயலாதவாறு உடலை முடக்கிவிடுகிறார் இனுயாஷிகி. வெகுளியின் களங்களில் முதலில் எண்ணப்படும் உறுப்பறையை, நோய் தீர்க்கும் கைகளே இங்கு செய்கின்றன. இம்முரணைப் படைப்பு நின்று பார்ப்பதில்லை. வாசகரின் பழிதீர்க்கும் விருப்பத்திற்கு விருந்தாக்கிவிட்டு நகர்கிறது. அப்பகுதியில் வரும் பெண், துன்புறுவதற்கும் மீட்கப்படுவதற்குமாக மட்டுமே வரையப்பட்டிருப்பதும் குறையே. ஓகுவின் முந்தைய படைப்புகளை அறிந்தவர்க்கு இக்குறை புதிதன்று.

அடுத்த வீட்டுக் கிழவர்

ஜப்பானிய நாட்டார் கதைகளில் 'அடுத்த வீட்டுக் கிழவர்' என்றே வகைப்படுத்தப்படும் கதைத்தொகுதி ஒன்றுண்டு. நல்ல கிழவர் ஒருவருக்கு அற்புதம் ஒன்று வாய்க்கிறது. அதைக் கண்டு பொறாமையுற்ற அடுத்த வீட்டுக் கிழவர் அதே அற்புதத்தை நாடி, கேடு அடைகிறார். இவற்றுள் புகழ்பெற்றது 'ஹனாசாகா ஜீசான்', பட்ட மரத்தைப் பூக்கச் செய்த கிழவரின் கதை. அந்நல்ல கிழவருக்கு வாழ்வு தருவது ஒரு நாய். அடுத்த வீட்டான் அந்நாயைக் கொன்றுவிட, அதன் நினைவோடு தொடர்ந்த சாம்பலைத் தூவிக் கிழவர் மரங்களைப் பூக்க வைக்கிறார்.

ஓகு இக்கதையை மனத்தில் கொண்டாரா என்பது இங்கு வினா அன்று, ஒப்புமை வெளிப்படையானது. நாயுடன் வாழும் கிழவர். அடுத்த மனையில் பெருமாளிகை. நாயின் பெயர் ஹனாக்கோ, பூவைக் குறிக்கும் 'ஹனா' அதிலுண்டு. பட்டுப்போன உடல்களை உயிர்ப்பிக்கும் கை. நாயகரின் குடும்பப் பெயரிலுள்ள 'இனு' நாய், 'யாஷிகி' பெருமனை. எதிராளியின் பெயரான ஷிஷிகாமியோ சிங்கத்தையும் தெய்வத்தையும் இணைத்தது. நாய்மனையாரும் சிங்கக் கடவுளும் ஒரே அற்புதத்தைப் பெறுகின்றனர்.

ஆனால் மரபுக்கதை செய்யாத ஒன்றை ஓகு செய்கிறார். மரபில் தீய கிழவர் ஏன் தீயவர் என்ற கேள்விக்கு இடமில்லை. ஓகு அந்த இடத்தில் இளைஞனை நிறுத்தி, அவனுக்கு ஒரு தாயைத் தருகிறார். ஷிஷிகாமி முன்பின் அறியாத குடும்பங்களின் வீட்டுக்குள் நுழைந்து, கைவிரலைத் துப்பாக்கிபோல் நீட்டிச் சிறுவர் விளையாட்டின் ஒலியுடன் கொல்கிறான். உவகையின் களங்களுள் விளையாட்டும் ஒன்று என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பவர் நடுங்கவே வேண்டும். கொலை அவனுக்கு உயிரோடிருக்கும் உணர்வைத் தருகிறது. முதியவருக்கு அதே உணர்வை உயிர் காப்பது தருகிறது. இருவரும் தேடுவது ஒன்றே. அதே ஷிஷிகாமி தன் தாயின் புற்றுநோயைத் தீர்க்கிறான். அவன் குற்றங்கள் வெளிப்பட்டபின், ஊரின் வசையைத் தாங்காது அவள் உயிரை மாய்த்துக்கொள்கையில் உடைந்து அழுகிறான். அடைக்கலம் தந்த ஷியோன் என்னும் பெண் கேட்டுக்கொண்டதற்காக நோயாளிகளைக் குணப்படுத்தவும் செய்கிறான்.

ஆகவே கண்ணீரை மட்டும் மனிதத்தன்மையின் சான்றாகக் கொண்டால் இருவரையும் பிரிக்க முடியாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஷிஷிகாமி தனக்குரியவர்களுக்காக அழுகிறான். இனுயாஷிகிக்கு உரியவர் என்று எவரும் இல்லாமற்போனதால், எவருக்காகவும் அழ அவரால் முடிகிறது. புறக்கணிப்பே அவருடைய அருளுக்கு வழி திறந்தது என்பது கசப்பான உண்மை; படைப்பு இதை எங்கும் வெளிப்படச் சொல்லாமல் விட்டது அதன் பலம்.

தன் கதையில் இடமிழந்தவர்

இடைத்தொகுதிகளில் ஒரு விந்தை நிகழ்கிறது. கதை ஷிஷிகாமியைப் பின்தொடரத் தொடங்குகிறது. அவன் தாய், அவன் நண்பன் நவோயுகி ஆண்டோ, அவன் தலைமறைவு, நாட்டின்மீது அவன் தொடுக்கும் போர் என்று பக்கங்கள் பெருகப் பெருக, முதியவர் நீண்ட நேரம் காணாமற்போகிறார். தலைப்பு அவருடையது, கதை இளைஞனுடையது. ஷிஷிகாமியின் அகச்சிக்கல் முதியவரின் நன்மையைவிடக் கதைக்கு வளமானது என்று இதற்கு அமைதி கூறுவர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் முதியவரைக் குடும்பம் காணாததைக் கண்டித்த படைப்பு, தானும் அவரிடமிருந்து கண்ணை எடுத்து இளையவனிடம் வைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. நன்மை செய்யும் முதியவரிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்ற சலிப்பு, முதல் அத்தியாயத்தில் குடும்பத்தாரிடம் கண்ட அதே சலிப்பு.

ஆண்டோவுடன் அவர் பேசும் பகுதிகள் மட்டும் இதற்கு விலக்கு. பள்ளியில் துன்புறுத்தப்பட்டு வீட்டுக்குள் முடங்கிய அம்மாணவன், தன் நண்பனைத் தடுப்பதற்காக முதியவருடன் சேர்கிறான். அவருடைய உடலின் ஆற்றல்களைப் பயன்படுத்த அவருக்குக் கற்றுத்தருகிறான். பேரன் வயதினன் ஆசானாகவும் கிழவர் மாணாக்கராகவும் அமையும் இக்காட்சிகளில் இரு ஒதுக்கப்பட்டவர்களிடையே இயல்பான தோழமை மலர்கிறது. ஆற்றல் இல்லாவிட்டாலும் இவ்விருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும் ஒரே உறவு இதுதான்.

குடும்ப உறவுக்கு அவ்வாறு தோன்றவில்லை. வானூர்திகள் டோக்கியோவின்மீது விழுந்து நகரம் எரிகையில், உயரமான கட்டடத்தில் சிக்கிய மகள் மாரியை இனுயாஷிகி மீட்கிறார். பின்னர்த் தாம் இயந்திரம் என்பதை வீட்டார் முன் வெளிப்படுத்துகிறார். அவர்கள் அஞ்சினும் ஏற்றுக்கொள்கின்றனர். வாசகர் நெகிழும் இடம் இது. நெகிழ்ச்சி அடங்கியபின் ஒரு கேள்வி எஞ்சும். பூங்காவில் அந்த ஊர்தி மோதாமல், வயிற்று நோயுடன் அவர் அன்றிரவு வீடு திரும்பியிருந்தால் மகளின் பார்வை அவர்மேல் நின்றிருக்குமா? படைப்பு தரும் சான்றுகளின்படி, இல்லை. மகளைத் தூக்கிப் பறக்க இயன்றதால்தான் தந்தை தந்தையாகிறார். ஈரச் சருகு என்று முதியவரை இகழும் சமூகம் வைக்கும் அளவுகோலும் பயன் என்பதே. இனுயாஷிகி அந்த அளவுகோலில் தேறிவிடுகிறார், அளவுகோல் முறியவில்லை.

இறுதிக் கொடை

முடிவில் பெரும் விண்கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. முதியவர் அதைத் தடுக்க விண்ணுக்குச் செல்கிறார். எதிர்பாராமல் அங்கு வரும் ஷிஷிகாமி, ஆண்டோவும் ஷியோனும் வாழவேண்டும் என்பதற்காகத் தன்னைத் தகர்த்துக்கொள்கிறான், அப்போதும் தனக்குரியவர்களுக்காகவே. அது போதாமற்போக, முதியவரும் தம்மைத் தகர்த்துக்கொள்கிறார். 'டெட்சுவான் ஆட்ட'த்தின் முதல் தொலைக்காட்சித் தொடர் முடிவில் அவ்வியந்திரச் சிறுவன் உலகைக் காக்கச் சூரியனை நோக்கிப் பறந்து மறைவான். அம்முடிவின் நிழல் இங்கு படிந்திருக்கிறது. ஆனால் சிறுவன் அவ்வாறு மறைகையில் அது பேரிழப்பாக உணரப்படும். 58 வயதில் புற்றுநோய் கண்டவர் மறைகையில் அது நிறைவாக உணரப்படுகிறது. அவர் எப்படியும் இறக்க வேண்டியவர்தானே என்ற எண்ணம் வாசகரிடம் எழுமாறு கதை அமைந்துவிட்டது. கொடை உச்சமடையும் அதே இடத்தில், கொடுத்தவரின் உயிருக்கு விலை குறைகிறது.

2018ஆம் ஆண்டுத் திரைப்படம் விண்கல்லை முற்றிலும் விட்டுவிட்டது. நேரக் குறைவே அதற்குக் காரணமாக இருக்கலாம். இனுயாஷிகியாக நடித்த நோரிடாகே கினாஷி நகைச்சுவை நிகழ்ச்சிகளால் அறியப்பட்டவர்; அவருடைய உடல்மொழியில் ஓகுவின் கட்டங்களிலுள்ள தயக்கம் குறையாமல் இருக்கிறது. நகரின் மேல் நடக்கும் போர் முடிந்ததும் படமும் முடியும் நிலைக்கு வருகிறது. முதியவர் உலகுக்காக வெடித்துச் சிதறவில்லை. தந்தையின் மறைபொருளை அறிந்துகொண்ட மகள் இருக்கும் அந்தச் சிறிய வீட்டுக்கே, அடுத்த மனையின் நிழல் இன்னும் விழுந்துகொண்டிருக்கும் வீட்டுக்கே அவர் திரும்புகிறார். காப்பாற்ற எவரும் இல்லாத மறுநாள் காலையில் அந்த வீட்டார் அவரிடம் என்ன பேசுவர் என்பதை மங்காவின் 10 தொகுதிகளும் எழுப்பாத வினாவாக அந்தப் படம் விட்டுச்செல்கிறது.